குறுக்குக் கம்பி: பெண்களுக்கென்று செய்யப்பட்ட வண்டியின் வரலாறு குறித்து

"லேடீஸா, ஜென்ட்ஸா?"

கடைக்காரர் என்னிடம் கேட்கவில்லை. கூட வந்த என் அண்ணன் மகனிடம் கேட்டார். வண்டி எனக்கு. ஓட்டப்போவது நான். காசும் என்னுடையது. அவன் வாய் திறப்பதற்குள் "எனக்குத்தான்" என்றேன். அதற்குப் பிறகு கேள்வியே இல்லை. உள்ளே போய், ஊதா நிறத்தில் முன்பக்கம் கூடை வைத்து நடுவில் தாழ்ந்து வளைந்த ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "இது ஒங்களுக்குன்னே செஞ்சது டீச்சர். சீட்டு அகலம், பார் கெடையாது. சேலையோட அப்பிடியே ஏறி ஒக்காந்துக்கலாம்."

எனக்கென்றே செய்தது! யார் செய்தார்கள், என்னை எப்போது வந்து அளந்தார்கள், அளந்தது என்னையா என் சேலையையா என்று அன்றைக்கு அவரிடம் கேட்க முடியவில்லை. உத்தமபாளையத்திலிருந்து கோம்பைக்குத் திரும்பும் மினி பஸ்ஸில் அண்ணன் மகனிடம் கேட்டேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சைக்கிள் ஓட்டுகிறவள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது பெருமைக்காக அல்ல. பெண்களுக்கான பொருள்கள் பற்றிய பேச்சு முழுவதிலும் ஒரு முன்முடிவு ஓடிக்கொண்டிருக்கிறது: பெண் எப்போதும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவள், பயப்படுகிறவள், ஆகவே அவளுக்குச் சிறியதாக, லேசானதாக, அழகானதாக ஒன்றைக் கொடுத்தால் போதும் என்பது. அனுபவமுள்ள பெண் என்கிற வகையினம் கடையிலும் இல்லை, கோட்பாட்டிலும் அநேகமாக இல்லை.

1981இல் எனக்குப் பன்னிரண்டு வயது. கோம்பை என்றால் வெளியூர்க்காரர்கள் நாயைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு ஊர் என்பது மேற்கே சுவர் மாதிரி நிற்கும் மலையும், ராமக்கல்மேட்டின் மீது விழும் மேகமும், ஆடி மாசம் அங்கிருந்து இறங்கி வந்து ஆளைத் தள்ளுகிற காற்றும்தான். கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. மணிக்கு ஐம்பது பைசா. மட்கார்டின் மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிய வண்டிகள். பொம்பளைப் பிள்ளைக்கு வண்டி கொடுப்பதில்லை என்று கடையில் யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. கொடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அண்ணன் தன் பெயருக்கு எடுத்து வந்து களத்துமேட்டில் வைத்து எனக்குக் கால்மணி நேரம் கொடுப்பான். முக்கால்மணி அவனுக்கு. பாவாடையைச் செருகிக்கொண்டு, பாருக்குக் கீழே உள்ள முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கமாகக் குரங்குப் பெடல் அடித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆம்பளைப் பிள்ளைகளும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். ஆக அந்த வயதில் எங்கள் எல்லோருக்குமே அந்த வண்டி பெரிசு. பையன்கள் வளர்ந்து பாருக்கு மேலே போனார்கள். நாங்கள் இறங்கிவிட்டோம். இறக்கிவிடப்பட்டோம் என்பதே சரி.

என்னால் ஏன் இறங்காமல் இருக்க முடிந்தது என்றால் அதற்குப் புரட்சிகரமான காரணம் எதுவும் இல்லை. அப்பா தவறிப்போனார், அவருடைய இருபத்திரண்டு இஞ்ச் வண்டி திண்ணையில் சும்மா நின்றது, எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்த பள்ளி பஸ் சரியாக வராத இடத்தில் இருந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, நின்ற இடத்தில் பெடலை மிதித்துத் தள்ளி, காலைப் பின்னால் வீசி ஏறுவதற்கு இரண்டு மாதம் பழகினேன். ஊர் மூன்று மாதம் பேசியது. பிறகு ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

*

லேடீஸ் சைக்கிள் என்பது சைக்கிளுக்குப் பிறகு வந்தது. சாதாரணமாகத் தோன்றும் இந்த உண்மையில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இன்றைக்கு நாம் சைக்கிள் என்று சொல்கிற உருவம் அதிலிருந்துதான் பிறக்கிறது. சீக்கிரமே அதன் உடல் இரண்டு முக்கோணங்கள் ஒட்டிய வடிவத்துக்கு வந்து நிலைத்தது. முக்கோணம் நெளியாது என்பது கொத்தனாருக்கும் தெரியும், தச்சருக்கும் தெரியும். மேலே செல்லும் குறுக்குக் கம்பி அந்த முக்கோணத்தின் ஒரு பக்கம். அது ஆணின் அடையாளமாகச் செய்யப்பட்டதல்ல. சட்டகம் நெளியாமல் இருக்கச் செய்யப்பட்டது.

ஆனால் 1880களின் இறுதியில் மத்தியதர, மேல்தட்டுப் பெண்கள் வண்டியில் ஏற ஆரம்பித்தபோது அந்தக் கம்பி சிக்கலாகிறது. கணுக்கால் வரை தொங்கும் பாவாடை, உள்பாவாடை, இடுப்பை இறுக்கும் கச்சு. இவற்றோடு கம்பியைத் தாண்ட முடியாது. தீர்வு இரண்டு: உடையை மாற்றலாம், அல்லது வண்டியை மாற்றலாம். உற்பத்தியாளர்கள் வண்டியை மாற்றினார்கள். கம்பியைக் கீழே இறக்கி வளைத்தார்கள். முக்கோணம் உடைந்தது. உடைந்ததை ஈடுகட்ட இன்னொரு குழாய் போட்டார்கள், எடை கூடியது. பாவாடை சிக்காமலிருக்கச் சங்கிலிக்கு மூடி, பின்சக்கரத்துக்கு நூல்வலை, இன்னும் எடை. ஆக, பலம் குறைந்தவள் என்று கருதப்பட்ட உடலுக்கு எடை கூடிய வண்டி. இதை யாரும் முரண்பாடாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் வடிவமைப்பின் கண் உடலின் மேல் இல்லை, உடையின் மேல் இருந்தது. உடை என்பது இங்கே மானம்.

ஆனி லண்டன்டெரியின் கதை இந்த இடத்தில் ஒரு பாடப்புத்தகம் போல வந்து நிற்கிறது. உண்மைப் பெயர் ஆனி கோப்சோவ்ஸ்கி. லாட்வியாவில் பிறந்த யூதப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய். லண்டன்டெரி என்ற தண்ணீர்க் கம்பெனி நூறு டாலர் கொடுத்துத் தன் பெயரை அவருக்கு வைத்துவிட்டது. விளம்பரம் மனிதர்மேல் ஏறுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1894 ஜூனில் பாஸ்டன் நகரிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியபோது அவருக்கு வண்டி ஓட்டுவதில் அனுபவம் மிகக் குறைவு. உடம்பில் நீளப் பாவாடை, கீழே நாற்பத்திரண்டு பவுண்டு எடையுள்ள பெண்கள் வண்டி, அதாவது சுமார் பத்தொன்பது கிலோ. சிகாகோ போய்ச் சேர்வதற்குள் அவர் அனுபவமுள்ளவர் ஆகிவிட்டார். அங்கே அவர் செய்த காரியம்: பெண்கள் வண்டியைக் கொடுத்துவிட்டு, அதில் பாதி எடைகொண்ட ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டார், பாவாடையைவிட்டுக் கால்சட்டைக்கு மாறினார். 1895 செப்டம்பரில் பயணத்தை முடித்தார். அதில் பெரும்பகுதி கப்பலில் போனது, அதைப் பற்றி அவர் அளந்த கதைகள் ஏராளம். அது வேறு விஷயம். நமக்கு முக்கியமானது சிகாகோவில் நடந்த அந்த மாற்றம். புதிதாக ஓட்டும் பெண்ணிடம் 'உனக்கென்றே' என்று கொடுக்கப்பட்ட வண்டியை, ஓட்டத் தெரிந்த பெண் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

1984இல் ட்ரெவர் பிஞ்ச், வீபே பைக்கர் என்ற இருவர், தொழில்நுட்பம் சமூகத்தால் கட்டமைக்கப்படுவது என்பதை விளக்கச் சைக்கிளையே உதாரணமாக எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை பலரும் அறிந்தது. ஒரே பொருள் வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு பொருளாக இருக்கிறது என்பார்கள். உயரச்சக்கர வண்டி வாலிபர்களுக்கு வீரம், மற்றவர்களுக்கு ஆபத்து. எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். ஆனாலும் அதில் வரும் பெண்கள் பூங்காவில் உலாப்போகிற பெண்கள். தலையில் ஒரு பொருளோடு, இடுப்பில் ஒரு பிள்ளையோடு, நேரத்துக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்கிற அவசரத்தோடு வண்டியைப் பார்க்கிற பெண் அதில் இல்லை. அவளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்தக் கட்டுரையின் 'குழு' என்கிற வார்த்தையே கொஞ்சம் ஆட்டம் காணும். அவளைப் பார்க்க நாம் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும்.

*

புதுக்கோட்டைக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. நம்மூரில் லேடீஸ் சைக்கிள் வந்த வழி வேறு. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கி, ஹெர்குலிஸ், பிறகு பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று இங்கிலாந்துப் பெயர்களிலேயே வண்டி வந்தபோது, லேடீஸ் வடிவமும் அந்தப் பெயர்களோடு அப்படியே வந்து இறங்கியது. விக்டோரியா காலத்துப் பாவாடைக்காக வளைக்கப்பட்ட கம்பி, சேலைக்குத் தோதாக அமைந்துவிட்டது. இதை ஒரு தற்செயல் என்று தள்ளிவிடலாமா? சேலைக்குக் காலைத் தாராளமாக வீச முடியாது என்பது உண்மை. ஆனால் வண்டி நமக்காக மறுபடி அளக்கப்படவில்லை என்பதும் உண்மை.

எங்கள் ஊர்ப்பக்கம் நான் முதலில் பார்த்த லேடீஸ் சைக்கிள் ஒரு நர்சம்மாவுடையது. கிராமம் கிராமமாகத் தடுப்பூசி போடப் போவார். பெருமையாக ஒருநாள் எனக்கு ஓட்டக் கொடுத்தார். ஏறுவது சுகம்தான், மறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால் சீட்டைக் கடைசிவரை இறக்கியும் கால் நுனிதான் பெடலில் படுகிறது. ஹேண்டில் பாரை எட்டிப் பிடிக்க முதுகு முன்னால் வளைகிறது. அதாவது நடுக் கம்பியை மட்டும் இறக்கியிருக்கிறார்கள். கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் பழைய துரையுடையதுதான். நம் பெண்களின் உயரம் சராசரியாக ஐந்தடியை ஒட்டித்தான் நிற்கிறது. அந்த ஐந்தடிக்கு யாரும் வண்டி செய்யவில்லை. சேலைக்குச் செய்தார்கள்.

புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். இதைப் பற்றி பி. சாய்நாத் எழுதியது பலருக்கும் தெரிந்திருக்கும். 1996இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள், பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை விட்டுக் கணக்கிட்டால் கிராமப்புறப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் என்கிறார். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில் பாரில் கொடி கட்டிக்கொண்டு ஆயிரத்தைந்நூறு பெண்கள் ஊர்வலம் போனார்கள். விவசாயக் கூலிகள், கல் உடைப்பவர்கள், பாலர்பள்ளிப் பணியாளர்கள். லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவீதம் கூடியதாக ஒரு கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்தச் செய்தியை மேற்கோள் காட்டுகிற எல்லோரும் ஊர்வலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே பக்கங்களில் போகிற போக்கில் வருகிற இன்னொரு தகவல். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. காத்திருக்க முடியாமல் பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். கிடைக்காததால் வாங்கினார்கள் என்பதோடு முடிந்திருந்தால் அது ஒரு சந்தைச் செய்தி. ஆனால் சிலர் ஜென்ட்ஸையே விரும்பினார்கள் என்று அவர் சொல்கிறார், காரணமும் சொல்கிறார்: சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஒரு பார் கூடுதலாக இருக்கிறது, அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நூறு வருஷமாகப் பெண்ணுக்குத் தடை என்று வளைக்கப்பட்ட கம்பியைப் பார்த்து, அது தன் பிள்ளைக்கு ஆசனம் என்று ஒரு கூலிக்காரப் பெண் ஒரே பார்வையில் வாசித்துவிடுகிறாள். ஃபூக்கோவைக் கூப்பிடாமலே சொல்லலாம், இது மறுவாசிப்பு. கம்பியின் பொருள் கம்பிக்குள் இல்லை. மானத்தைக் கணக்கில் வைத்துப் பார்ப்பவனுக்கு அது தடை. வேலையைக் கணக்கில் வைத்துப் பார்ப்பவளுக்கு அது இடம். என் வண்டிப் பாரிலும் பெயிண்ட் போய் பளபளவென்று ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்திருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் அண்ணன் மகனும் மாறி மாறி உட்கார்ந்து தேய்த்தது. துண்டைச் சுற்றிக் கட்டிவிடுவேன், தொடை வலிக்கக் கூடாதென்று.

ஆனால் இதை வைத்து 'ஆண்கள் வண்டியே பெண் விடுதலை' என்று கோஷம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியிலிருந்து விழாதவர்கள். இருபத்திரண்டு இஞ்ச் வண்டியில் ஐந்தடிப் பெண் சட்டென்று நிறுத்த வேண்டி வந்தால் இரண்டு காலும் தரையில் படாது. ஒரு பக்கம் சாய வேண்டும். கேரியரில் புல்லுக்கட்டு இருந்தால் சாய்ந்த பக்கமே போய்விடும். எனக்கு இடது முழங்காலில் இருக்கிற தழும்பு, பண்ணைப்புரம் போகிற வழியில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்ததால் கிடைத்தது. பார் இல்லாத வண்டியாக இருந்திருந்தால் குதித்திருப்பேன். அளவு என்பது கற்பிதம் அல்ல. உடல் கட்டமைக்கப்படுகிறது என்று நாம் எழுதி எழுதி, உடலுக்கு ஒரு நீளமும் எடையும் உண்டு என்பதையே மறந்துவிட்டோமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

*

இந்தக் கணக்கு சைக்கிளோடு நிற்பதில்லை. மேற்கே வசதியுள்ளவர்களின் விளையாட்டான பனிச்சறுக்கிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. காலில் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குகிற அந்த நீளப் பலகை ஆணுக்கு அளந்து செய்யப்பட்டது. பெண்களுக்கென்று வந்தபோது அதையே குட்டையாக்கி, மெதுவாக்கி, பூப்போட்டுக் கொடுத்தார்கள். நன்றாகச் சறுக்கத் தெரிந்த பெண்கள் அதைத் தொடாமல் ஆண்கள் பலகையையே வாங்கினார்கள். இது நமக்கு இப்போது பழகிய கதை. ஜீனி தோரன் என்ற அமெரிக்கப் பெண்மணி வேறொரு கேள்வி கேட்டார். பெண்ணின் எடை மையம் ஆணுடையதிலிருந்து மாறுபடுகிறது, அப்படியானால் பலகையில் காலைப் பூட்டும் இடத்தை ஏன் முன்னால் நகர்த்தக் கூடாது, குதிகாலை ஏன் கொஞ்சம் உயர்த்தக் கூடாது? பலகையின் நிறத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசினார். சைக்கிளில் இதைச் செய்தவர் ஜார்ஜினா டெர்ரி. 1985இல் அவர் தொடங்கிய கம்பெனியின் வண்டிகளில் குறுக்குக் கம்பி இருந்தது. ஆனால் குள்ளமான பெண்ணின் கைக்கு எட்டும்படி சட்டகத்தைச் சுருக்கி, அதற்காக முன்சக்கரத்தை மட்டும் சிறியதாக்கியிருந்தார். பார்க்க விநோதமாக இருக்கும். அளந்து செய்தது அப்படித்தான் இருக்கும்.

இங்கே இரண்டு விதமான 'பெண்களுக்கென்று' இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆணைப் பொது மனிதனாக வைத்துக்கொண்டு அவனிலிருந்து கழித்து வருவது: நீளத்தில் கொஞ்சம் கழி, பலத்தில் கொஞ்சம் கழி, நிறத்தைக் கூட்டு. ஆண்தான் பொது, பெண் அதிலிருந்து விலகிய மற்றமை என்று சிமோன் தி பொவ்வா 1949இல் எழுதியது சைக்கிள் கடையில் அப்படியே நிற்கிறது. ஜென்ட்ஸ் சைக்கிளை வெறும் 'சைக்கிள்' என்றே சொல்கிறோம், மற்றதற்குத்தான் அடைமொழி. இன்னொன்று, அந்தப் பொதுவே ஒருவனுடைய தனி அளவுதான் என்று காட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளப்பது. முதலாவதை மறுக்கிற வேகத்தில் இரண்டாவதையும் மறுத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். 2001-02இல் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, சில ஆண்டுகளில் பையன்களுக்கும் சேர்த்து விரிவாக்கியபோது, பையனுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம் என்று வந்தது. என் வகுப்பில் நாலே முக்கால் அடிப் பிள்ளையும் ஐந்தரை அடிப் பிள்ளையும் ஒரே அளவு வண்டியை உருட்டிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். லேடீஸ் என்பது ஒரு அளவு அல்லவே.

குறை சொல்வதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவிகள் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும், அதனால் உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்று 2017இல் கணக்குக் காட்டினார்கள். சரியாக அளக்காத வண்டியே இவ்வளவு தூரம் கொண்டுபோகிறது.

*

லேடீஸ் வண்டியின் அந்த நடு வெற்றிடத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது எனக்குப் பிடித்த பகுதி. 1946இல் இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது, காலை மேலே வீசாமல் நடுவே நுழைந்து உட்காரும் வடிவம். 1958இல் ஜப்பானில் ஹோண்டாவின் சூப்பர் கப், அதே வடிவம். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. திராட்சைக் கூடை, வாழைத்தார், பால்கேன், உர மூட்டை, சில சமயம் ஒரு ஆடு, எல்லாம் காலுக்கு நடுவே உள்ள அந்த இடத்தில்தான் போகிறது. சுருளிப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள், மீசை வைத்த ஆம்பளைகள் அந்த வெற்றிடத்தில் இரண்டு மூட்டையை நிறுத்தி முழங்காலால் அணைத்துக்கொண்டு ஓட்டுவதை. பாவாடைக்காக உண்டாக்கப்பட்ட இடைவெளி அது. அதைப் பொம்பளை வண்டி என்று ஒருவரும் சொல்வதில்லை. மோட்டார் சேர்ந்ததும் அது 'பொது' ஆகிவிட்டது. ஆனால் மோட்டார் இல்லாத அதே வடிவத்தை ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் கேலி செய்வார்கள்.

சட்டமும் இதில் கொஞ்சம் பேசியிருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. பெண் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் கடைக்காரரிலிருந்து மெக்கானிக் வரை எல்லோரும் அதைச் 'சாரி கார்டு' என்றுதான் சொல்கிறார்கள். நல்ல விதி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆயினும் சேலை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதைக் கவனியுங்கள்: பின்னால். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாகத் தருகிற திட்டம் வந்தபோதுதான் அரசின் கணக்கில் சேலை முன்சீட்டுக்கு வந்தது என்று நான் சொல்வதுண்டு. அதற்கு முன்பே ஏலக்காட்டுக் கூலிக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் விடியக்காலை ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து மலையேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு சீட்டை யாரும் இன்னும் அளக்கவில்லை.

*

ஊதா வண்டியை அன்றைக்கு நான் வாங்கவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். அப்பா வண்டியின் சட்டகத்தில் பற்றவைத்த இடம் மறுபடியும் விட்டுவிட்டது. ரிம்மில் கோட்டம் எடுத்து எடுத்துப் போக்குக் கம்பிகள் தளர்ந்துவிட்டன. சின்ன வயதில் வீசியதுபோல இப்போது காலைப் பின்னால் வீச முடியவில்லை, முழங்கால் கேட்பதில்லை. அதைவிட இன்னொன்று, இத்தனை வருஷமாகக் கவனிக்காமலே இருந்தது: கேரியரில் சுமை இருக்கும்போது காலைப் பின்னால் வீசவே முடியாது. தேங்காய்ச் சாக்கை ஏற்றிவிட்டால் ஆம்பளைகளும் வண்டியைச் சாய்த்துப் பாருக்கு மேலே முன்பக்கமாகத்தான் காலை மடக்கித் திணிக்கிறார்கள். அவர்களுக்கும் தாழ்ந்த கம்பிதான் தோது. அவர்கள் கேட்கமாட்டார்கள். அதற்கு லேடீஸ் என்று பெயர் வைத்துவிட்டார்களே.

ஆகவே திரும்பப் போய் லேடீஸ் வண்டியையே கேட்டேன். ஆனால் அந்த ஊதா அல்ல. கறுப்பில், கீழ்க்குழாய் இரண்டும் தடிப்பாக இருந்த பழைய மாடல் ஒன்று பின்னால் தூசியில் நின்றது. கூடையைக் கழற்றச் சொன்னேன். தகரக் கேரியரைக் கழற்றிவிட்டு அப்பா வண்டியின் இரும்புக் கேரியரை மாட்டச் சொன்னேன். ஒற்றைக் கால் ஸ்டாண்டு வேண்டாம், இரட்டைக் கால் ஸ்டாண்டு. ஹேண்டில் பாரை இரண்டு விரற்கடை மேலே தூக்கி, சீட்டை முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். சீட்டைத் தள்ளியதும் ஏறி உட்கார்ந்து, இறங்கி, இன்னும் கொஞ்சம் என்றேன். கடைக்காரர் மூன்றாம் தடவை ஸ்பேனரைத் திருகும்போது, "என்ன டீச்சர், வண்டிய ஆம்பள வண்டியா மாத்திப்புட்டீக" என்றார்.

"இல்லப்பா. இப்பத்தான் எனக்குன்னு செஞ்ச வண்டியா ஆகுது."

அவர் பில்லில் 'லேடீஸ் 1' என்றே எழுதினார். அதை நான் திருத்தவில்லை. பழைய சட்டகத்தை எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், கொடுக்கவில்லை. உத்தமபாளையத்திலிருந்து கோம்பைக்கு லேசான ஏற்றம், அன்றைக்கு எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டது. தைலி ஓட்டுகிற மாதிரி இல்லை, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். இப்போது அப்பா வண்டியை அண்ணன் பேத்தி களத்துமேட்டுக்கு உருட்டிக்கொண்டு போகிறாள். அவளுக்கு ஒன்பது வயது. என் புது வண்டியை ஓட்டு என்றால் மாட்டேன் என்கிறாள், அதில் குரங்குப் பெடல் அடிக்க முக்கோணம் இல்லையாம்.